பெரிய எஸ்.யூ.வி.யில் டிரெய்லர் கேரவன் இழுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். அமீரகத்தில் 11 வருடம் ஒரு குடும்பத்துக்கு வண்டி ஓட்டினேன். குளிர்காலம் வந்தால் லேண்ட் குரூசருக்குப் பின்னால் கேரவனை மாட்டிப் பாலைவன முகாமுக்கு இழுத்துப் போவதுதான் வேலை. ஊர் திரும்பிய பிறகு பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் கேட்கிறார்கள். இரண்டு கோடி ரூபாய் வண்டி வாசலில் நிற்கிறது, பின்னால் ஒரு கேரவனை மாட்டிக் குடும்பத்தோடு கிளம்பலாமா என்று. கிளம்பலாம். கிளம்பும் முன் அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரெய்லர் கேரவனும் மோட்டார் கேரவனும் ஒன்றா?

இல்லை. மோட்டார் கேரவனுக்குச் சொந்த எஞ்சின் உண்டு, டெம்போ டிராவலரைப் போல அதையே ஓட்டிக்கொண்டு போகலாம். டிரெய்லர் கேரவனில் எஞ்சின் கிடையாது. படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்த ஒரு சிறு வீடு சக்கரத்தின் மேல் நிற்கும், அதை உங்கள் வண்டி இழுக்க வேண்டும். போன இடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி.

என் வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்கிறார்கள். அப்படியானால் 3,000 கிலோ கேரவன் தாராளமாக இழுக்குமே?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

லேண்ட் குரூசர் 300, ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்7, மெர்சிடிஸ் ஜி.எல்.எஸ். போன்றவற்றுக்கு வெளிநாட்டுக் கையேடுகளில் 3,500 கிலோ என்று போட்டிருப்பது உண்மை. அது பிரேக் உள்ள டிரெய்லருக்கான உச்ச அளவு. உங்கள் வண்டி எந்த நாட்டுக்காகத் தயாரானதோ அந்தக் கையேட்டில் உள்ளதுதான் உங்களுக்குச் செல்லும். இணையத்தில் பார்த்த எண் செல்லாது.

சரி, 3,500 என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணைத் தொடுவதற்கு வெகு முன்பே இன்னொரு எண் தீர்ந்துபோகும். வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய பாரம் அது. ஆட்கள், பெட்டி, கூரைக் கேரியர் எல்லாம் அதில் அடக்கம். டிரெய்லர் வண்டியின் கொக்கி மேல் அழுத்துகிற எடையும் அதிலேதான் சேரும்.

லேண்ட் குரூசர் 300ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆள், பாரம் எல்லாம் சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,280 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் வண்டியே 2,630 கிலோவை ஒட்டி வரும். மிச்சம் ஏறக்குறைய 650 கிலோ. வீட்டில் ஆறு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 420. பெட்டிகள் 80. கூரைக் கேரியரும் அதன் மேலுள்ள சாமானும் 40. ஆக 540. மிச்சமிருப்பது 110 கிலோதான். இப்போது 1,800 கிலோ கேரவன் ஒன்றை மாட்டுங்கள். அது கொக்கியில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அழுத்த வேண்டும், அதாவது 180 கிலோ. 70 கிலோ கூடிவிட்டது. 3,500 கிலோ இழுக்கும் என்று பெயர் வாங்கிய வண்டி 1,800 கிலோவிலேயே எல்லை தாண்டிவிட்டது. எஞ்சினுக்கு இது தெரியாது, அது முனகாமல் இழுக்கும். அதனால்தான் ஓட்டுகிறவருக்கும் தெரிவதில்லை.

கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பது இன்னொரு சிக்கல். ஏற்றமரம் மாதிரி பின்னால் அழுத்தினால் முன்பக்கம் தூக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.85 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி என்று வைத்தால், 180 கிலோ அழுத்தத்தில் முன் சக்கரங்களிலிருந்து 76 கிலோ குறையும், பின் அச்சில் 256 கிலோ ஏறும். ஸ்டியரிங் திருப்புவது முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரம். அதன் பிடிப்பு குறைவது நல்லதல்ல.

எனவே கேரவன் வாங்கும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் உள்ள தகட்டைப் படியுங்கள். மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒரு எடை மேடைக்குப் போங்கள். லாரிகள் நிற்கிற எடை மேடை நம் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேரவன் பார்க்கப் போக வேண்டும்.

கொக்கியில் பத்தில் ஒரு பங்கு அழுத்த வேண்டும் என்பது ஏன்? குறைவாக இருந்தால் வண்டிக்கு நல்லதுதானே?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், வண்டியும் நேராக வராது. அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி மாட்டின் சொல் கேட்கும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் ஏர்க்கால், அதாவது முன்னால் நீட்டிக்கொண்டு வண்டியோடு இணைகிற தண்டு, வண்டியின் கொக்கி மேல் அளவோடு அழுத்த வேண்டும்.

அமெரிக்கப் பழக்கத்தில் டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை வைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 10 என்பது பொதுக் கணக்கு. ஐரோப்பியக் கேரவன்கள் எடை குறைவு, வேகமும் குறைவு என்பதால் 5 முதல் 7 வரை போதும் என்பார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கையேடுகளில் பல பெரிய வண்டிகளின் கொக்கிக்கு 140, 150 கிலோதான் உச்ச அளவு. ஆஸ்திரேலியாவில் லேண்ட் குரூசர் 300க்கு 350 கிலோ. ஆகவே 2,000 கிலோ கேரவன் ஒரு வண்டிக்குப் பொருந்தும், அதே அளவுள்ள இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது.

அளப்பது எளிது. லாரி எடை மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், இதற்கு அது போதாது. கொப்பரை மண்டியில் மூட்டை எடைபோடுகிற பிளாட்பார்ம் தராசு இருக்கிறதே, அதுதான் சரி. டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாச் சாமானும் உள்ளே இருக்க, ஏர்க்காலின் முனையைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டை வைத்துத் தாங்க வையுங்கள். ஏர்க்கால் கிடைமட்டமாக இருக்க வேண்டும். மண்டிக்காரர்கள் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

என் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன். பின்பக்கம் அமுங்கவே இல்லை. பாரம் சரியாகத்தானே இருக்கிறது?

சொகுசு வண்டிகளில் ஏமாற்றுகிற இடம் இதுதான். இலைப்பட்டை போட்ட ஜீப்பில் பாரம் கூடினால் பின்பக்கம் தாழும், கண்ணுக்குத் தெரியும். ஏர் சஸ்பென்ஷன் காற்றை ஏற்றி வண்டியை மட்டமாக்கிவிடும். பார்வைக்கு எல்லாம் அழகாக நிற்கும். பின் அச்சில் ஏறிய கிலோ அப்படியே இருக்கும், முன் அச்சில் குறைந்ததும் திரும்பி வராது. டயருக்கும் பேரிங்குக்கும் பழைய பாரம்தான். கண்ணை நம்பாமல் எடைச் சீட்டை நம்புங்கள். பாரத்தை முன் அச்சுக்குப் பகிர்ந்து தருகிற கம்பி வைத்த கொக்கிகள் வெளிநாட்டில் உண்டு. ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அவற்றை மாட்டும் முன், கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

டிரெய்லருக்குத் தனியாக பிரேக் வேண்டுமா?

வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் இல்லாமல் விடுவதில்லை. குடும்பம் தூங்குகிற அளவுக்கு உள்ள எந்தக் கேரவனும் அதைத் தாண்டிவிடும்.

இரண்டு வகை அதிகம். ஒன்றில், வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலே ஏர்க்காலில் உள்ள தண்டை உள்ளே அமுக்கி பிரேக்கைப் பிடிக்க வைக்கும். எளிமையானது. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக் உரசிக்கொண்டே வந்து சூடேறும். இன்னொன்று மின்சார பிரேக். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அதில் வைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் வண்டியின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கலாம். நம் மலைகளை நினைத்தால் நான் மின்சார பிரேக்கைத்தான் சொல்வேன்.

டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும் என்கிறார்களே, அப்போது என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். மின்சார பிரேக் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். வண்டியின் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், உங்கள் கை எப்போதும் ஒரு நொடி தாமதமாகப் போய் ஆட்டத்தைக் கூட்டிவிடும். வேகம் கொடுத்து இழுத்தால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், வேகம்தான் அந்த ஆட்டத்துக்குத் தீனி.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இரண்டரை மீட்டர் உயரமுள்ள தட்டையான சுவரைச் சக்கரத்தில் வைத்து இழுத்துப் போனால் காற்று அதை எப்படித் தள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வருடம் முன்பு ஆடி மாதத்தில், வாளையாற்றிலிருந்து கஞ்சிக்கோடு நோக்கி ஒரு நண்பரின் கேரவனை இழுத்து வந்தேன். 1,400 கிலோ. வேகம் 85. ஒரு கண்டெய்னர் லாரி பக்கத்தில் கடந்தது. முதலில் அது தள்ளிய காற்று, அடுத்து அது உள்ளிழுத்த காற்று, அதோடு கணவாய்க் காற்று. பின்னால் வீடு இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்தது. மூன்றாவது அடியில் வண்டியின் பின்பக்கமே நகர்வது இருக்கையில் தெரிந்தது. காலை எடுத்தேன். 60க்கு வந்த பிறகுதான் அடங்கியது. என் மகள் பின் இருக்கையில் இருந்தாள், அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓரம் கட்டி இறங்கினபோது என் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். முன்பாரம் 40 கிலோதான் இருந்தது. கேரவனின் பின்கோடியில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, நிறைய. கிளம்பும் முன் நிரப்பியது நான்தான். தொட்டியைக் காலி செய்து, கேஸ் சிலிண்டரையும் உபரி பேட்டரியையும் முன்பக்கப் பெட்டிக்கு மாற்றினோம். 130 கிலோ வந்தது. அதே சாலையில் அதே காற்றில் திரும்பக் கொண்டுபோனேன், ஆடவில்லை. வேகத்தையும் 70ஐத் தாண்ட விடவில்லை.

கனமான சாமானை இரண்டு கோடிகளிலும் வைத்துச் சமன் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காவடியின் இரண்டு முனையிலும் குடம் கட்டி ஆட விட்டால் அது சீக்கிரம் நிற்பதில்லை. அரிசி, தண்ணீர், பேட்டரி மாதிரியான கனங்கள் அச்சை ஒட்டி, கொஞ்சம் முன்னால், தரையோடு இருக்கட்டும். பின்கோடியில் துணியும் தலையணையும் போதும். புதிய வண்டிகளில் டிரெய்லர் ஆட்டத்தைத் தானே உணர்ந்து சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்கிற வசதி இருக்கிறது, நல்ல உதவி. ஆனால் பாரம் தவறாக வைத்த டிரெய்லரை அது சரியாக்காது.

மலைப்பாதையில் இழுக்கலாமா? வால்பாறை, நெல்லியாம்பதி, மூணாறு?

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். டர்போ டீசல் எஞ்சின் ஏறிவிடும். கியர் பெட்டியின் சூடு கூடாமல் பார்த்துக்கொண்டு, இழுவைக்கான மோடு இருந்தால் அதைப் போட்டு, அவசரப்படாமல் ஏறினால் போதும்.

இறக்கம்தான் வேலை. லாரிக்காரர்கள் சொல்கிற பழைய பாடம் இங்கேயும் சரி, எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில் இறங்கு. இறக்கம் தொடங்கும் முன்பே ஆட்டோமேட்டிக் கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டு அல்லது மூன்றில் வையுங்கள். பிரேக்கில் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. வேகம் கூடியதும் நன்றாக ஒரு அழுத்து, குறைந்ததும் விடு. இப்படி விட்டு விட்டுப் பிடித்தால் பிரேக் ஆற நேரம் கிடைக்கும். கருகல் வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும்.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் உங்கள் பின் சக்கரத்தின் தடத்தில் வராது, உட்பக்கம் வெட்டும். அதனால் வெளிப்பக்கமாக அகட்டித் திரும்ப வேண்டும். எதிரே பேருந்து வந்தால் அதற்கு இடமில்லை. குறுகிய மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும். டிரெய்லரோடு பாதி வளைவில் மாட்டிக்கொண்டவர் பின்னால் எடுக்கவும் முடியாமல், முன்னால் போகவும் முடியாமல் இரண்டு பக்கமும் நூறு வண்டியை நிறுத்திவைப்பார்.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆறு மீட்டர் கேரவனோடு அங்கே போகாதீர்கள். போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி ஏறுகிற சாலை அதைவிடக் குறுகல், அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதே. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகிற பாதை காட்டுக்குள் போகிறது. யானை குறுக்கே நின்றால் காரில் உள்ளவர் சட்டென்று பின்னால் எடுத்துவிடுவார். டிரெய்லர் மாட்டியவரால் அது முடியாது. மலைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் கேரவனை அடிவாரத்தில், காவல் உள்ள இடத்தில் நிறுத்திவிட்டு வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

பின்னால் எடுக்கவே வரவில்லை. ஏதாவது வழி?

ஒரு கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வையுங்கள், ஆறு மணி முள் நிற்கிற இடத்தில். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான். கொஞ்சமாகத் திருப்பி, மெதுவாக எடுத்து, மடங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தி முன்னால் போய் நேராக்குங்கள். அறுவடை முடிந்து காய்ந்த வயலில் நான்கு மாலை பழகினால் வந்துவிடும்.

நம் எல்லைப் பக்கத்தில் வண்டி பின்னால் வருவதைப் பார்த்தால் ஐந்து பேர் உதவிக்கு வருவார்கள், தமிழில் இரண்டு பேர், மலையாளத்தில் மூன்று பேர். நல்ல மனசுதான், ஆனால் ஒருவர் மட்டும் சொல்லட்டும். அவர் உங்கள் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். கேரவன் வண்டியைவிட அகலம் என்றால் நீட்டிய பக்கக் கண்ணாடி மாட்டாமல் கிளம்பாதீர்கள்.

பதிவு, காப்பீடு எல்லாம் எப்படி?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு வாகனமாகத்தான் பார்க்கிறது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கிற வண்டியின் பதிவு எண் டிரெய்லரின் மேலும் தெரிய வேண்டும் என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த கேரவனைப் பதிவில்லாமல் சாலையில் இறக்காதீர்கள். காப்பீட்டில் டிரெய்லரைத் தெரிவித்துச் சேர்க்க வேண்டும். கொக்கி மாட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். எல்லை தாண்டி அடிக்கடி போகிறவர்களுக்கு அந்தக் காகிதம் வாளையாற்றில் உதவும்.

மைலேஜ்?

குறையும். லிட்டருக்கு 10 கொடுத்த டீசல் வண்டி எனக்கு 6, 6.5 கொடுத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும், எனவே 90ல் போகிறவருக்கும் 70ல் போகிறவருக்கும் டீசல் கணக்கில் நல்ல வித்தியாசம் தெரியும்.

போகும்போது பிள்ளைகள் கேரவனில் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. ஒரு கிலோமீட்டர் தூரமானாலும் கூடாது. அங்கே பெல்ட் கிடையாது, ஏர்பேக் கிடையாது, சுவர் பிளைவுட்டும் தகரமும்தான். எல்லோரும் வண்டியில், பெல்ட்டோடு. கேஸ் சிலிண்டரின் வால்வும் மூடியிருக்க வேண்டும்.

கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கொக்கி உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்பதை முதலில். ‘டக்’ என்ற சத்தத்தை நம்ப வேண்டாம். பூட்டிய பிறகு ஏர்க்காலில் உள்ள ஜாக்கியைச் சுற்றி ஏர்க்காலை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து தூக்கினால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அமீரகத்தில் ஒருமுறை நான் இதைச் செய்யாமல் கிளம்பினேன். வாசல் வேகத்தடையில் ஏர்க்கால் கழன்று எகிறியது. சங்கிலிதான் காப்பாற்றியது. சங்கிலி இரண்டையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாற்றி மாட்ட வேண்டும், கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். வண்டியின் கொக்கியில் உள்ள உருண்டையின் அளவும், ஏர்க்கால் முனையில் அதைக் கவ்வுகிற கப்ளரின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 50 மில்லிமீட்டர்தான் பெரும்பாலும் கிடைக்கும், அமெரிக்கச் சாமானில் வேறு அளவுகளும் உண்டு.

அடுத்து விளக்கு. பிரேக் விளக்கு, இரண்டு இண்டிகேட்டர், இரவு விளக்கு எல்லாம் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். அப்புறம் டயர். டிரெய்லர் டயர் பட்டன் தேய்வதற்கு முன் வயதாகிக் கெடும், வருடத்தில் பத்து மாதம் வெயிலில் நின்றே கிடக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. ஆறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

முதல் பயணத்துக்கு எங்கே போகலாம்?

மலம்புழா. பாலக்காட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான், ஏற்றமில்லை, அணைப் பக்கம் வண்டியைத் திருப்ப இடம் இருக்கும். சாலையில் கூட்டமில்லாத ஒரு வார நாளில் போங்கள். அடுத்த முறை தேசிய நெடுஞ்சாலை 544ல் குதிரான் வழியாகத் திருச்சூர் வரை. சுரங்கப்பாதை 2021ல் திறந்த பிறகு அந்த மலையேற்றமும் நெரிசலும் இல்லை. கேரளச் சுற்றுலாத் துறை 2021ல் கேரவன் சுற்றுலாவுக்காக ‘கேரவன் கேரளா’ திட்டம் தொடங்கியது, அதன் கீழ் வாகமணில் கேரவன் பூங்கா வந்திருக்கிறது. அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் அதற்கு முன் சமவெளியில் ஓர் ஆயிரம் கிலோமீட்டராவது இழுத்திருக்க வேண்டும், வளைவுகளைக் கேரவன் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

மலம்புழாவுக்குக் கிளம்பி முதல் பத்துக் கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்துங்கள். இறங்கி டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. அங்கிருந்து நேரே பட்டறைக்குத் திருப்புங்கள்.